மகளுக்கு வாங்கிய கேமரா: கேனான் ஆர்50, ஒரு வருஷம் கழித்து

போன ஆடித் தள்ளுபடியில் வாங்கியது, இதோ அடுத்த ஆடியும் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியிருந்தால் அட்டைப்பெட்டியைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். ஒரு வருஷம் கல்லூரிப் பையில் கிடந்து, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நனையப் பார்த்து, கீழக்குயில்குடிப் புழுதியைத் தின்று முடித்த பிறகு எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் பொறுத்திருந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் முதலில் தப்புச் செய்தது நான்தான். 1990களில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஏழு வருஷம் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாவு வீடு எல்லாம் எடுத்த கை இது. கையில் பென்டாக்ஸ் கே1000 என்கிற ரோல் கேமரா. அப்புறம் டிஜிட்டல் வந்தது, முதலாளி கடையைச் சாத்தினார், நான் மதுரைக்கு வந்து ஜெராக்ஸ் கடை போட்டேன். இப்போது நான் எடுப்பது பாஸ்போர்ட் போட்டோ மட்டும்தான். ஆனாலும் கேமரா என்றால் எனக்குத் தெரியாததா என்ற மிதப்பு மட்டும் போகவில்லை.

மகள் கல்லூரியில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், முதல் வருஷம் சேர்ந்தாள். அதுவரை செல்போன்தான். "போன்ல எடுத்தா எல்லாமே நல்லா வருதுப்பா, ஆனா நான் எடுத்த மாதிரியே இல்ல" என்றாள். அவள் எடுத்ததைப் போனே திருத்தி, வானத்தை நீலமாக்கி, மூஞ்சியை வெளுப்பாக்கிக் கொடுத்துவிடுகிறது, தான் செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் அவள் குறை. சரி, நிஜக் கேமரா ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவங்க அம்மா நகைச் சீட்டில் எடுத்த பணமும் என் கடைப் பணமும் சேர்த்துத் தொண்ணூறாயிரம் வரை போகலாம் என்று முடிவு.

நான் மனதில் வைத்திருந்தது டிஎஸ்எல்ஆர். உள்ளே கண்ணாடி இருக்க வேண்டும், கண்ணை வைத்தால் நிஜ உலகம் தெரிய வேண்டும், அமுக்கினால் டபக் என்று சத்தம் வர வேண்டும். அதுதான் கேமரா, மற்றதெல்லாம் பொம்மை என்று வீட்டில் பேசிக்கொண்டு திரிந்தேன். மகள் அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் என்றாள். இரண்டு வாரம் இதிலேயே போனது. கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிதாக ஒரு டிஎஸ்எல்ஆர்கூட விடவில்லை என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். பென்டாக்ஸ் மட்டும் விடாப்பிடியாக 2021இல் ஒன்று விட்டிருக்கிறது என்று கேட்டு எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். ஆனால் அதற்கு லென்ஸ் தேடி மதுரையில் எந்தக் கடைக்குப் போவது.

முதலில் போன கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். டவுனுக்குள் இருக்கிறது, போர்டு பெரிசு. மகளோடுதான் போனேன், கடைக்காரர் கடைசிவரை என்னைப் பார்த்தே பேசினார். "சார், பாப்பாவுக்கு இது போதும் சார்" என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்து, கூடவே பை, முக்காலி, கார்டு, துடைக்கிற துணி எல்லாம் ஓசி என்றார். விலையும் மற்ற இடத்தைவிட ஐயாயிரம் குறைச்சல். பில் கேட்டதும் பேச்சு மாறியது. அது வெளிநாட்டுப் பீஸாம், கடை வாரண்டி மட்டும்தானாம், ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் விலை வேறாம். நானும் கடை வைத்திருப்பவன், இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரியும். ஓசியாகக் கொடுத்த கார்டைத் திருப்பிப் பார்த்தேன், எழுத்து அச்சு கலங்கலாக இருந்தது. நம்ம கடையிலேயே கலர் பிரிண்டில் அதைவிட நன்றாக வரும். ஆனாலும் மகள் ஒரு ஆசையில் நின்றாள், நானும் அட்வான்ஸ் இரண்டாயிரம் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். மறுநாள் போய்த் திருப்பிக் கேட்டால் பணம் வராது, வேண்டுமானால் அந்தப் பையை எடுத்துட்டுப் போங்க என்றார்கள். எடுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது கடை சின்னது, மாடிப்படி ஏறிப் போக வேண்டும். அங்கே இருந்த பையன் ஒரு நல்ல காரியம் செய்தான். நான்கு கேமராவை மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் பேட்டரியும் லென்ஸும் போட்டு, "அக்கா, நீங்க கையில எடுத்துப் பாருங்க" என்று மகளிடம் கொடுத்துவிட்டு எனக்கு டீ சொன்னான். அரை மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில்தான் கேமரா தேர்வானது.

கேனானிலேயே ஆர்100 விலை குறைவு, ஆனால் பின்னால் இருக்கிற திரை அசையாது, தொட்டாலும் கேட்காது. போனில் வளர்ந்த பிள்ளை, தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். சோனி இசட்வி-இ10 வீடியோவுக்கு எல்லோரும் புகழ்வது, ஆனால் கண் வைத்துப் பார்க்க வியூஃபைண்டரே கிடையாது. மதுரை வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்குத் திரையைப் பார்த்து ஒருத்தர் படம் எடுத்துவிட்டால் நான் பெயரை மாற்றிக்கொள்கிறேன். நிக்கான் இசட்50 பிடிக்க எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும், விரல் போய் உட்கார அவ்வளவு வாகு. ஆனால் கடையில் அன்று இரண்டு லென்ஸ் செட்டாகத்தான் இருந்தது, அது எங்கள் கணக்கை மீறியது. கடைசியில் ஆர்50. பேட்டரி, கார்டு எல்லாம் போட்டு 375 கிராம். என் பழைய கே1000 லென்ஸ் இல்லாமலே 620 கிராம் இருக்கும், கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்று முகூர்த்தம் முடித்தால் பிடரி கழன்றுவிடும்.

நான் ஒரே ஒரு சோதனை வைத்தேன். கண்ணை எடுக்காமல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்கிற எண்ணை, மாற்று என்றேன். மேலே ஷட்டர் பட்டனுக்குப் பின்னால் அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது, இரண்டாம் தடவையே விரல் தானாகப் போனது. சரி, இதையே போடுங்க தம்பி என்றேன்.

இனி லென்ஸ். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் இரண்டு லென்ஸ் செட் என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 18-45 ஒன்று, 55-210 ஒன்று. எண்ணெல்லாம் எம்எம் கணக்கு, எண் கூடினால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும். கேட்க நன்றாக இருக்கும், கிட்டவும் எடுக்கலாம் தூரமும் எடுக்கலாம் என்று. இரண்டுமே வெளிச்சத்துக்கு ஏங்குகிற லென்ஸ்கள். எஃப் எண் கூடக்கூட உள்ளே வருகிற வெளிச்சம் குறையும். 18-45ஐ 45க்கு இழுத்தால் எஃப் 6.3, 55-210ஐக் கடைசிவரை இழுத்தால் எஃப் 7.1. வெயிலில் பிரச்சினை இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள் எடுத்துப் பாருங்கள், நெய்த்தோசையைத் தண்ணீரில் போட்ட மாதிரி இருக்கும். நான் 18-45ஐ மட்டும் செட்டில் எடுத்துக்கொண்டு, இரண்டாவது லென்ஸுக்கு ஆகிற காசில் 50 எம்எம் எஃப் 1.8 வாங்கினேன். கையடக்கம், 160 கிராம், ஜூம் கிடையாது. கடைப் பையனே ஒரு தடவை "யோசிச்சீங்களாண்ணே?" என்றான்.

யோசித்ததன் பலன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தெரிந்தது. வாங்கிய மூன்றாம் நாள், விடியற்காலை நாலரை மணி. மகளை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். அங்கங்கே ஒரு ட்யூப் லைட், ஒரு எல்இடி பல்பு, மற்றதெல்லாம் இருட்டு. சாக்கை விரித்துக் கொட்டின மல்லி, அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடை போடுகிற அக்கா. முதலில் 18-45. ஐஎஸ்ஓ 6400இலேயே 1/15 நொடி காட்டியது. அந்த வேகத்தில் அக்காவின் கை இரண்டாகத் தெரிந்தது, பூ ஒன்றும் இல்லை, வெள்ளைக் குழம்பு. அப்புறம் 50ஐ மாட்டினாள். எஃப் 6.3க்கும் எஃப் 1.8க்கும் கணக்குப் போட்டால் உள்ளே வருகிற வெளிச்சம் 12 மடங்கு. அதே இடம், அதே ஐஎஸ்ஓ, இப்போது 1/160க்கு மேல் காட்டியது. தராசுத் தட்டிலிருந்து தெறித்த ஒரு மொட்டு காற்றில் நின்ற மாதிரி ஒரு படம் வந்தது. கையால் எடுத்துப் பார்க்கலாம் போல இருந்தது.

அடுத்து நடந்ததுதான் என் வாயை அடைத்தது. மல்லிக் குவியலை மட்டும் நெருங்கி எடுத்தாள், படத்தில் பூ சாம்பல் நிறம். எனக்கு இது பழைய பாடம். கேமராவுக்கு வெள்ளை தெரியாது, எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகத்தான் நினைக்கும், வெள்ளைக் கூட்டத்தை எடுத்தால் நாம்தான் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகிற அளவு, கூடத் திறக்க வேண்டும். நான் இதைக் கற்றுக்கொண்டது எப்படி என்றால், ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்தில் வெள்ளை கவுன் போட்ட பெண்ணை, கேமராவில் வெளிச்சம் காட்டுகிற ஊசி நடுவில் நிற்கிறது என்று நம்பி 36 ஃபிரேமும் எடுத்து, மதுரை லேபில் கழுவி மூன்று நாள் கழித்துப் பார்த்தால் கவுன் முழுக்க அழுக்குத் தண்ணீர் நிறம். முதலாளி அடிக்காத குறை. மகளுக்கு அந்த மூன்று நாள் தேவைப்படவில்லை. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே பிளஸ் 1 என்று திருப்பினாள், எடுப்பதற்கு முன்பே பூ கண் முன்னால் வெளுத்தது. அதற்குள் இருப்பது 23.6 லட்சம் புள்ளி கொண்ட ஒரு குட்டித் திரை, எடுக்கப்போகிற படத்தையே முன்கூட்டிக் காட்டுகிறது. நான் இரண்டு வாரம் கண்ணாடிக் கேமராவுக்காகச் சண்டை போட்டது அன்று காலை ஐந்து மணிக்கு முடிந்தது. தப்பு எங்கே என்று உடனே தெரிகிற கேமராவில் பழகுகிற பிள்ளைக்கு நான் ஏழு வருஷத்தில் கற்றது ஏழு வாரத்தில் வந்துவிடும்.

ஆனால் இருட்டில் அந்தக் குட்டித் திரையில் மணல் பறக்கிற மாதிரி ஒரு நெளிவு தெரியும், பேட்டரியையும் அது நன்றாகக் குடிக்கும். ஒரு பேட்டரியை நம்பி ஒரு விசேஷத்துக்குப் போகாதீர்கள். இன்னொன்று சேர்த்தே வாங்குங்கள்.

ஃபோகஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆள் உள்ளே வந்தால் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது, திரும்பினாலும் விடுவதில்லை, நாய், பூனை, பறவைக்கும் பிடிக்கிறது. நான் கை நடுங்க நடுங்க வளையத்தைத் திருப்பி வாங்கிய கூர்மையை இது அரை நொடியில் செய்கிறது, அதில் எனக்குப் பொறாமையே உண்டு. ஆனால் மதுரைக்கென்று ஒரு வில்லங்கம் இருக்கிறது. பிளெக்ஸ். விளக்குத்தூண் பக்கம் ஒரு பூக்காரப் பாட்டியை எடுக்கும்போது பாட்டி குனிந்துவிட்டார், ஃபோகஸ் சதுரம் டக்கென்று தாவி, பின்னால் பூப்புனித நீராட்டு விழா பிளெக்ஸில் கூலிங் கிளாஸோடு நின்ற தாய்மாமனைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய முகம் இருக்கும்போது அது என்ன செய்யும் பாவம். திரையைத் தொட்டுப் பாட்டியைக் காட்டிவிட்டால் சரியாகிவிடுகிறது. இதற்காகவும்தான் தொடுதிரை வேண்டும் என்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு திருகு சக்கரம்தான். முழுக்க நம் கையால் எடுக்கிற எம் மோடில் போட்டால் ஷட்டர் வேகத்துக்கும், எஃப் எண்ணை மாற்றுகிற அப்பர்ச்சருக்கும் பட்டனை அமுக்கி அமுக்கி மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். இதைவிட விலை கூடிய ஆர்10இல் இரண்டு சக்கரம் உண்டு. இதற்கு மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். 50 லென்ஸில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, அதைக் கன்ட்ரோல் பக்கம் தள்ளிவிட்டு, மெனுவில் போய் லென்ஸ் வளையத்துக்கு அப்பர்ச்சரை ஒதுக்கிவிட்டாள். இப்போது இடது கையால் வளையத்தைத் திருப்பினால் எஃப் எண் மாறும், வலது கையில் ஷட்டர். கே1000இல் நான் செய்தது அதேதான். டிக் டிக் என்று விழுகிற அந்தச் சத்தம் மட்டும் இல்லை.

கை ஆட்டத்தை அமுக்குகிற வசதி கேமரா பாடிக்குள் கிடையாது. 18-45 லென்ஸில் இருக்கிறது, 50இல் இல்லை. அதனால் 50 போட்டு நடந்துகொண்டே வீடியோ எடுத்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். மேலே ஃபிளாஷ் மாட்டுகிற இடமும் புது மாதிரி. என்னிடமிருந்த பழைய ஃபிளாஷை ஆசையாக எடுத்துக் கொடுத்தேன், அதற்குத் தொடுமுனையே அங்கே இல்லை, கேனானின் பழைய ஃபிளாஷுக்கே தனியாக ஒரு அடாப்டர் வேண்டும். பழைய ரோல் காலத்து ஃபிளாஷை எந்த டிஜிட்டல் கேமராவிலும் மாட்டாதீர்கள், சிலவற்றில் வருகிற வோல்டேஜ் கேமராவையே எரித்துவிடும். லென்ஸுக்கு வெயில் மறைக்கிற ஹூட் பெட்டியில் வராது, தனிக்காசு. இத்தனை ஆயிரம் வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் குழாயை ஏன் தர மாட்டார்களோ.

புழுதிக் கதைக்கு வருகிறேன். சமணர் மலை அடிவாரத்தில், கீழக்குயில்குடித் தாமரைக் குளத்துப் பக்கம், ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது இவள் நின்றபடியே லென்ஸை மாற்றியிருக்கிறாள். மிரர்லெஸில் லென்ஸைக் கழற்றினால் படம் விழுகிற சென்சார் அப்படியே வாயைத் திறந்துகொண்டு நிற்கும், முன்னால் கண்ணாடி மறைப்பு இல்லை. ஒரு வாரம் கழித்து எஃப் 11இல் எடுத்த வானத்தில் எல்லாம் கறுப்புப் பொட்டு, எல்லாப் படத்திலும் அதே இடத்தில். நல்லவேளை, காற்றடிக்கிற ரப்பர் பம்பால் போய்விட்டது. வாயால் ஊதக்கூடாது, எச்சில் போய் ஒட்டும். இப்போது காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, துப்பட்டாவுக்குள் வைத்து மாற்றுகிறாள். பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி இருக்கும் பார்க்க.

தூர லென்ஸ் வாங்காமல் விட்டது தப்பா என்றால், ஒரு வருஷத்தில் இரண்டு தடவை தேவைப்பட்டது. ஒன்று அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், மேலூர் பக்கம், பாறைக் குன்றுகளில் லகர் வல்லூறு மாதிரி அபூர்வப் பறவைகள் இருக்கின்றன. கல்லூரியில் கூட்டிப் போனார்கள். 50 லென்ஸில் வல்லூறு ஒரு கமா அளவுக்கு வந்தது. ஆனால் அதற்கு 210உம் போதாது. பறவைதான் ஆசை என்றால் 100-400 வேண்டும், அது கேமரா விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டாவது தை மாதம் அலங்காநல்லூர். கேலரியிலிருந்து எடுக்க 55-210ஐ ஒருநாள் வாடகைக்கு எடுத்தோம். பட்டப்பகல், எஃப் 7.1 போதுமான வெளிச்சம், அருமையாக வந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் தேவைப்படுகிற பொருளை வாடகைக்கு எடுப்பதுதான் முறை, கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கிற மாதிரி. அங்கே ஒரு பாடம். சத்தம் வராமல் எடுக்கிற எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு வைத்திருக்கிறாள், காளையோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும்போது தடுப்புக் கம்பெல்லாம் காற்றில் சாய்ந்த கரும்பு மாதிரி வந்துவிட்டது. ஓடுகிற எதற்கும் அந்த மோடு ஆகாது. கோயில் கொடைகளில் சீரியல் செட், எல்இடி போர்டு வெளிச்சத்திலும் அதில் பட்டை பட்டையாகக் கோடு விழும். சாதாரண ஷட்டரிலேயே வைத்திருங்கள்.

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தை எடுக்கலாம் என்று கேமரா வாங்குபவர்கள் ஆசையை விட்டுவிடுங்கள். உள்ளே கேமரா கூடாது, 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போனும் கூடாது. மகள் சித்திரை வீதி நாலையும் சுற்றிச் சுற்றி வெளியிலிருந்தே எடுக்கிறாள். திருமலை நாயக்கர் மகாலில் கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்கினால் விடுவார்கள், அந்தத் தூண்களுக்கு 18-45தான் சரி, 50இல் ஒரு தூண் பாதிதான் அடங்கும்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இந்தக் கேமராவுக்குத் தண்ணீர் தாங்குகிற காப்பு எதுவும் கிடையாது, அங்கேயோ கள்ளழகர் வேஷம் போட்டவர்கள் தோல் பையில் தண்ணீரை நிரப்பி துருத்தியால் பீய்ச்சுவார்கள், யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. கேட்கவில்லை. பூ கட்டித் தருகிற பாலிதீன் கவரில் ஓட்டை போட்டு, லென்ஸ் முனையை மட்டும் வெளியே விட்டு, ரப்பர் பேண்ட் இறுக்கிக்கொண்டு தோழிகளோடு ராத்திரியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது ஆள் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட, கேமரா காய்ந்து இருந்தது. அந்தப் படங்களில் ஒன்றில் துருத்தியிலிருந்து கிளம்பின தண்ணீர் நூல் நூலாகப் பிரிந்து சூரிய வெளிச்சத்தில் நிற்கிறது, பின்னால் ஒரு பெரியவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கண்ணை மூடியிருக்கிறார். என் ஏழு வருஷத்தில் அப்படி ஒன்று நான் எடுத்ததில்லை. சொல்லவில்லை அவளிடம். கடையில் ஏ4இல் பிரிண்ட் போட்டு ஜெராக்ஸ் மிஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், பார்த்திருப்பாள்.

அன்று மட்டும் 1,140 படம். இதில் எனக்கு மனத்தாங்கல். ஒரு நாள், ரோல் போட்ட மாதிரி 36தான் எடுக்க வேண்டும், எண்ணி எடு என்றேன். "நீங்க ரோலுக்குக் காசு கொடுத்தீங்க, அதனால எண்ணுனீங்க. நான் எதுக்குப்பா எண்ணணும்?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி உட்கார்ந்து அந்த ஆயிரத்தில் முப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அவளே அழித்தாள். இவர்கள் எண்ணுவது எடுக்கும்போது இல்லை, அப்புறம்தான் போல.

கார்டு, கம்ப்யூட்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேகத்துக்கு வி30 என்று போட்ட 64 ஜிபி கார்டு போதும், பில்லோடு வாங்குங்கள். ரா என்கிற, கேமரா திருத்தாத கச்சாப் படம் வேண்டுமென்றால் சி-ரா என்று ஒரு வகை இருக்கிறது, கிட்டத்தட்ட பாதி இடம்தான் பிடிக்கும், வித்தியாசம் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கேனானின் மென்பொருள் இலவசம். 4கே வீடியோ என் கடைக் கம்ப்யூட்டரில் ஓடவே இல்லை, படம் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம். அதற்கு ஒரு செலவு பின்னால் வரும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

பூஞ்சையைப் பற்றி மட்டும் யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். என் கே1000 லென்ஸைத் தோல் உறையில் போட்டு, பீரோவுக்குள் பட்டுச்சேலைக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தேன். பதினைந்து வருஷம் கழித்து எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை பின்னிய மாதிரி. முடிந்தது. மதுரையில் மற்ற மாதம் பயமில்லை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில்தான் இது வரும். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறினால் சூடுகாட்டிக் காயவைத்து மறுபடி போடலாம். எங்கள் வீட்டில் முறுக்கு வைத்திருந்த டப்பாதான் இப்போது கேமரா டப்பா, முதல் மாதம் கேமராவில் லேசாகச் சீரக வாசம் வந்தது. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து அடிக்கடி வெளியே எடுத்துப் புழங்குவது.

யாருக்கு இது ஆகாது என்றால், கல்யாண வேலைக்குப் போகப்போகிற பிள்ளைக்கு ஆகாது. ஒரே கார்டு இடம், அது அன்றைக்கென்று மக்கர் செய்தால் மணமேடையில் யார் பதில் சொல்வது. பட்ஜெட் நாற்பதாயிரம்தான் என்றாலும் புதிதாக எதையோ வாங்காமல், நன்றாக வைத்திருந்த பழைய கேனான் 200டி மார்க் 2 டிஎஸ்எல்ஆரும், அதற்கான பழைய 50 எஃப் 1.8ம் தேடிப் பிடியுங்கள். வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், வலை தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பின்னாளில் மிரர்லெஸுக்கு மாறினாலும் ஒரு அடாப்டர் போட்டு அந்த 50ஐ இதிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

அந்த முதல் கடையில் இரண்டாயிரத்துக்குக் கிடைத்த கேமராப் பையை மகள் ஒரு நாள்கூடத் தூக்கவில்லை. கறுப்பாக, மேலே பெரிசாக எழுத்துப் போட்டு, உள்ளே கேமரா இருக்கிறது எடுத்துக்கோ என்று பெரியார் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் கூவுகிற பை அது. அவள் கேமராவைத் துண்டில் சுற்றிக் காலேஜ் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு போகிறாள். பை இப்போது என் கடையில் இருக்கிறது. சில்லறை, ஸ்டேப்ளர் பின், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் அதில்தான். ஜிப் நல்ல ஜிப்.